மைத்தேயின் பீப்பாய்

மோரி,
12 ஜூன் 1994

அன்புள்ள கால்ட்ரிக்,

ஒன்பது நாளாக வடக்குக் காற்று நிற்கவே இல்லை. ஜன்னல் கதவுகளைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன். ஆனாலும் வீட்டில் ஏதோ ஒன்று அடித்துக்கொண்டே இருக்கிறது. எது என்று தேடி மூன்று முறை மேலும் கீழும் நடந்துவிட்டேன். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது. எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ மொரோக்கோ போய் நான்கு மாதம் ஆகிறது. இதுவரை இரண்டு அட்டைகள் வந்திருக்கின்றன. ஒட்டகப் படத்தின் பின்னால் "நலம்" என்று எழுதியிருந்தாய். மசூதிப் படத்தின் பின்னால் அதுகூட இல்லை, கையெழுத்து மட்டும்தான். நீ வேலை செய்கிற அவ்வளவு பெரிய மதுக்கிடங்கில் ஒரு தாள் கிடைக்காதா?

இங்கே திராட்சைக் கொடிகள் பூத்து முடிந்தன. மேல்சரிவில் கருங்கல் மண்ணில் இருக்கிற பழைய கிரெனாஷ் திராட்சை இந்தக் காற்றிலும் நன்றாகவே காய் பிடித்திருக்கிறது. கீழ்நிலத்தில் பாதிப் பூ உதிர்ந்துவிட்டது. மைத்தே தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொல்லி அத்திமரத்தடியில் தூங்குகிறாள். கேட்டால், "கண்ணை மூடிக்கிட்டுப் படிச்சாத்தாம்மா மனசுல நிக்கும்" என்கிறாள். அந்த வாய் உன்னுடையது.

அக்டோபர் பதினாறு அவளுக்குப் பதினெட்டு. உன் பெயருக்குரிய புனிதரின் நாளில் பிறந்தவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, அந்த நாள். அவள் பிறந்தபோது நிரப்பிப் பரணில் வைத்த ஒயின் பீப்பாயைத் திறக்கும் நாளும் அதுதான். நேற்று ரொட்டிக்கடையில் பக்கத்துத் தோட்டத்துச் சிப்ரியான் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா டிஜோன்காரி, பொண்ணோட பீப்பாய் எப்படி இருக்கு?"

"தூங்குது," என்றேன்.

"தூங்கட்டும், தூங்கட்டும். பதினெட்டு வருசம் ஓட்டுக்குக் கீழ வெந்திருக்கு. அன்னிக்கு மொத மொடக்கு எனக்குத்தான், சொல்லிட்டேன். கால்ட்ரிக் பொறந்தப்ப வச்ச பீப்பாயைத் திறந்தப்பவும் நாந்தான் மொதல்ல குடிச்சேன்."

சிரித்தேன். ரொட்டியை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்டோபரில் நீ வருவாயா? அதை மட்டுமாவது எழுது.

உன்,
எலியான்


மெக்னெஸ்,
3 ஜூலை 1994

எலியான்,

உன் கடிதம் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. வழக்கம்போல ஓரத்தில் வெள்ளை இடம் விடாமல், தாளைத் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறாய். படிக்கக் கழுத்து வலித்தது.

கொடிகளுக்குக் கந்தகத் தூளை இப்போது ஒருமுறை போட்டுவிடு. காற்று நின்ற விடியற்காலையில் போடு. காட்டுப்பன்றிகள் ஓடைப்பக்கம்தான் இறங்கும், கம்பி அறுந்திருந்தால் சிப்ரியானிடம் சொல்.

இங்கே ஆகஸ்டிலேயே அறுவடை. எல்லாம் சிமெண்ட் தொட்டிகள், ஒவ்வொன்றும் நம் வீட்டை விடப் பெரியது. வேலை செய்கிறவர்கள் யாரும் குடிப்பதில்லை. நாள் முழுக்கப் புதினாத் தேநீர். நான் சுவை பார்த்துத் துப்புகிறேன்.

அக்டோபரில் வர முடியாது. பீப்பாயைப் பற்றி நீயே முடிவு செய்துகொள். நிரப்பத் தெரிந்தவளுக்குத் திறக்கவும் தெரியும்.

கால்ட்ரிக்


மோரி,
14 ஜூலை 1994

கால்ட்ரிக்,

உன் கடைசி வரியை நின்றுகொண்டே படித்தேன். பிறகு மேல்சரிவு வரை நடந்துபோய், அங்கே செய்ய எதுவும் இல்லாமல் திரும்பி வந்தேன். இன்று தேசிய தினம். சதுக்கத்தில் ஊதுகுழல் வாசிக்கிறார்கள். மைத்தே ஆடப் போயிருக்கிறாள். வீட்டில் நான் மட்டும்.

ஆக, உனக்குத் தெரியும். பிப்ரவரியில் நீ பெட்டி கட்டியபோதே தெரிந்திருக்கிறது. சம்பளம் நல்ல சம்பளம், ஒரு வருடம்தானே என்று நீ சொன்னதை நான் நம்பியதாக நடித்தேன். நான் நம்பியதாக நீயும் நடித்தாய்.

இனி நடிப்பதில் பயனில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆலங்கட்டி மழை விளைச்சல் முழுவதையும் அடித்துக்கொண்டு போனதே, அந்த வருடத்துக் குளிர்காலம். ஓடு ஒழுகுகிறது என்று சொல்லி நீ பரணுக்கு ஏறினாய். மழையே இல்லாத ஜனவரியிலும் ஏறினாய். இறங்கி வரும்போது உன் மூச்சில் வாதுமைக்கொட்டையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் மணத்தன. இந்த வீட்டில் அந்த வாசனை ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

நீ ஊரில் இல்லாத ஒரு நாள் ஏறிப் பார்த்தேன். பீப்பாய்க்குள் விட்டு அளப்போமே, அந்த நாணல் குச்சியை விட்டேன். வருடத்துக்கு ஒரு வெட்டு, நீ உன் கையால் போட்டது. வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே ஒரு விரல்கடை, அவ்வளவுதான் காற்று குடிக்கும். கடைசி வெட்டுக்குக் கீழே நான்கு விரல்கடை இறங்கியிருந்தது.

கீழ்க் கிடங்கில் இருந்த புது ஒயினைக் குடத்தில் எடுத்துக்கொண்டு ஏறினேன். வெட்டு வரைக்கும் ஊற்றினேன். அடுத்த குளிர்காலமும் ஊற்றினேன். அதற்கடுத்த குளிர்காலமும்.

குழந்தையின் பீப்பாயில் மட்டும் கை வைக்கக்கூடாது என்று கல்யாணமான முதல் வாரத்திலேயே உன் அப்பா எனக்குச் சொன்னார். மற்றதையெல்லாம் வாரம் தவறாமல் நிரப்பு, இல்லாவிட்டால் புளித்துவிடும். இதை மட்டும் விட்டுவிடு, குறைகிறது குறையட்டும், அந்தக் குறைதான் இதன் ருசி என்றார். நான் வேதியியல் படித்தவள். அவர் சொன்னதற்கு உள்ள காரணத்தை அவரை விட நன்றாக அறிந்தவள். அறிந்தேதான் ஊற்றினேன்.

உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நீ பொய் சொல்லியிருப்பாய். அந்தப் பொய்யைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது என்று பயந்தேன். ஊற்றுவது எளிதாக இருந்தது. இன்னொன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நான் இல்லாவிட்டால் இந்த வீடு நாறிப்போயிருக்கும் என்று எனக்குள் ஒரு பெருமை. குடத்தோடு ஏணியில் ஏறும்போதெல்லாம் அது இருந்தது.

எலியான்


மெக்னெஸ்,
8 ஆகஸ்ட் 1994

எலியான்,

நீ பார்த்ததைச் சொன்னாய். நான் பார்த்ததையும் கேட்டுக்கொள்.

பிப்ரவரி இரண்டாம் தேதி. கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சினேன். குழாயில் சிவப்பாக ஏறியது. பதினேழு வருட ஒயின் சிவப்பாக இருக்காது. அது தேன் நிறத்துக்கு, பிறகு வெல்ல நிறத்துக்குப் போயிருக்க வேண்டும். குச்சியை விட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நகத்தால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தேன். ஒயின் அந்தக் கீறலுக்கு மேலே நின்றது.

கையில் குழாயோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. குடித்தது என் தவறு. அதை மறுக்கவில்லை. ஆனால் மூன்று குளிர்காலம் நான் இறங்கியதும் நீ ஏறியிருக்கிறாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் எனக்கு நெத்திலி எடுத்து வைத்தாய், ரொட்டியில் தக்காளி தேய்த்துக் கொடுத்தாய். நாய்க்கு வைக்கிற தண்ணீர்க் கிண்ணம் காலியானதும் நிரப்புவார்களே, அப்படி என்னை வைத்திருந்தாய். கத்தியிருந்தால் நான் நின்றிருப்பேன். குடிப்பதையும் நிறுத்தியிருப்பேன், வீட்டிலும் நின்றிருப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

அக்டோபருக்கு ஏதாவது சொல்லிவிடு. பீப்பாய் ஒழுகிவிட்டது, பலகை வெடித்துவிட்டது என்று சொல். நம்புவார்கள்.

கால்ட்ரிக்


மோரி,
6 செப்டம்பர் 1994

அன்புள்ள கால்ட்ரிக்,

நாய்க் கிண்ணம் என்று நீ எழுதியதை இரண்டு வாரமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். கொடிக்குக் கொடி குனியும்போது அது வந்து நிற்கிறது. இல்லை என்று சொல்லத்தான் பார்த்தேன். முடியவில்லை.

அறுவடை தொடங்கிவிட்டது. மேல்சரிவுப் பழம் கறுத்து, தோல் சுருங்க ஆரம்பித்திருக்கிறது. மைத்தே தேறிவிட்டாள், அது உனக்குத் தெரியும். அக்டோபர் கடைசியில் துலூஸ் போகிறாள், மருந்தியல் படிக்க. இப்போது கத்தரியும் வாளியுமாக எனக்கு முன்னே போகிறாள். சிப்ரியானும் அவர் மனைவியும் ஆறு நாள் வந்து வெட்டிக் கொடுத்தார்கள். மனிதர் கை நிற்காது, வாயும் நிற்காது.

"கால்ட்ரிக் அங்க ஒட்டகத்துக்கு ஒயின் ஊத்தறானாம்ல?"

"ஒட்டகம் குடிக்கிறதில்லயாம் மாமா," என்றாள் மைத்தே. "ஒங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு அப்பா."

வரிசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். எவ்வளவு நாளாயிற்று.

பீப்பாய் ஒழுகிவிட்டது என்று சொல்ல முடியாது. சொன்ன அடுத்த நிமிடம் சிப்ரியான் ஏணியில் இருப்பார். எழுபது வயதில் அவருக்கு வாதம் முழங்காலில்தான், மூக்கில் இல்லை. ஒரு மொடக்கு குடித்தால் போதும், இதில் புது ஒயின் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அடுத்த கேள்வி, ஏன் கலந்தார்கள்? அதற்கடுத்த கேள்வி, யார் குடித்தது? எல்லோருக்கும் நடுவில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறவள் மைத்தே.

ஒரு வழி தோன்றியது. உண்மையில் பாதியைச் சொல்லிவிடுகிறேன். "நான்தான் ஊற்றினேன். குறைந்துகொண்டே போனது, பார்க்கப் பாவமாக இருந்தது, நிரப்பிவிட்டேன்." இருபத்தொரு வருடம் ஆகியும் நான் அவர்களுக்கு டிஜோன்காரிதானே? வடக்கே டிஜோனிலிருந்து வந்த படித்தவள் குழந்தையின் பீப்பாயைப் போய் நிரப்பி வைத்தாள் என்றால் இந்த ஊரில் நம்பாத ஆளே இருக்காது. சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். ஆனால் கடிதத்தை மூடும் முன் இரண்டு முறை எழுந்து போய்விட்டு வந்தேன். எதற்காகவோ காத்திருக்கிறேன் போலிருக்கிறது. என்ன என்று நீ கண்டுபிடி.

உன்,
எலியான்


மெக்னெஸ்,
25 செப்டம்பர் 1994

எலியான்,

யோசித்துப் பார்த்தேன். நீ சொல்வதுதான் சரியான வழி. ஒரு வாரம் சிரிப்பார்கள், அப்புறம் பன்றியைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள். மைத்தேக்கும் அதுதான் நல்லது.

உனக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

மேல்சரிவுப் பழத்தை அதிகம் காயவிடாதே.

கால்ட்ரிக்


மோரி,
5 அக்டோபர் 1994

கால்ட்ரிக்,

மேல்சரிவுப் பழத்தை வெட்டியாகிவிட்டது. நன்றாக இருக்கிறது.

எலியான்


மோரி,
17 அக்டோபர் 1994

கால்ட்ரிக்,

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இடையில் எழுந்து போகாமல் எழுத முயல்கிறேன்.

மதியம் கொடிக் குச்சிகளை எரித்து நத்தை சுட்டோம். பதினான்கு பேர். மைத்தே என் நீலச் சால்வையைப் போட்டிருந்தாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தை அடுப்படியில் நின்று எத்தனை முறை சொல்லிப் பார்த்திருப்பேன், கணக்கில்லை. சிரித்துக்கொண்டு சொல்வதா, வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வதா என்றுகூட ஒத்திகை பார்த்தேன்.

நத்தை முடிந்ததும் எல்லோரும் பரணுக்கு ஏறினார்கள். ஏற முடியாதவர்கள் ஏணியடியில் நின்றார்கள். சிப்ரியான் குழாயை விட்டு உறிஞ்சி, கிளாஸில் விட்டு, ஓட்டு இடுக்கில் வந்த வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். குடித்தார். வாயில் வைத்து உருட்டினார். விழுங்கினார். என்னைப் பார்த்தார்.

"யாரு கைய வச்சது?"

"நான்தான்," என்றேன். ஒத்திகை பார்த்த குரல் எதுவும் வரவில்லை. "குறைஞ்சுக்கிட்டே போச்சு. பாவமா இருந்திச்சு. மத்ததுக்கு ஊத்துற மாதிரி இதுக்கும் ஊத்திட்டேன்."

பிறகு யாரோ ஏணியடியிலிருந்து கத்தினார்கள்: "டிஜோன்காரி நிரப்பிப்புட்டாளாம்!" அவ்வளவுதான். ஓடு அதிரச் சிரித்தார்கள். "காலேசுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" "நல்லவேளை, தொட்டிலையும் வருசா வருசம் நிரப்பாம விட்டா!" சிப்ரியானின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தே விட்டாள். எளிதாகத்தான் இருந்தது, கால்ட்ரிக். நீ சொன்னதுபோல ஒரு வாரத்தில் முடிந்துபோயிருக்கும்.

மைத்தே மட்டும் சிரிக்கவில்லை.

சிப்ரியானும் சிரிக்கவில்லை. பைகளையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தார். மொரோக்கோ தபால்தலை.

"சும்மா இருங்கடா. இது மூணு நாளைக்கு முன்னாடி வந்துச்சு. மொத மொடக்கு குடிச்சதும், யாரும் ஒரு வார்த்தை பேசறதுக்கு முன்னாடி சத்தமாப் படின்னு மேல எழுதியிருக்கான். மூக்குக் கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன், சனியன். மைத்தே, இந்தா, நீ படி."

உன் எழுத்தைப் பார்த்ததும் அவள் என்னைத்தான் பார்த்தாள். பிறகு படித்தாள். மூன்றே வரி என்று உனக்குத் தெரியும். அவள் குரலில் அது எப்படிக் கேட்டது என்று உனக்குத் தெரியாது. "இந்தப் பீப்பாயை மூன்று குளிர்காலம் குடித்தவன் நான். எலியான் ஊற்றியது என் மானத்தைக் காக்க. இதுவரை அவளைப் பார்த்துச் சிரித்தவன் யாராக இருந்தாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்கட்டும், முதல் ஆள் நான்."

காற்றுகூட நின்றுவிட்டது போலிருந்தது. நிற்கவில்லை, ஓட்டுக்கு மேலே அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நம்மைப் பற்றி இத்தனை பேருக்குத் தெரிந்துவிட்டதே என்று உடம்பு கூசியது. அதே நேரத்தில், ஜூன் மாதத்திலிருந்து வீட்டில் எங்கேயோ அடித்துக்கொண்டே இருந்த ஒன்று நின்றது. அது ஜன்னல் கதவு இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

மைத்தே தாளை நான்காக மடித்தாள். சிப்ரியான் கையிலிருந்த கிளாஸை வாங்கி முழுக்கக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"மோசமா இருக்கு," என்றாள்.

"ரொம்ப மோசம்," என்றார் சிப்ரியான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, மாமா."

அப்படித்தான் குடித்தார்கள், எல்லோரும். இறங்கும்போது ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள். சிப்ரியான் கடைசியாக வந்தார். "சிரிக்க விட்டுட்டேனேம்மா. கண்ணாடி இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்," என்றார். ஏணியில் பாதி இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அவன் மடையன். நீ அதுக்கு மேல."

இரவு மைத்தே கேட்டாள்.

"நீ ஏம்மா அவர்கிட்டக் கேக்கல?"

உனக்கு ஜூலையில் எழுதியதையே அவளிடமும் சொன்னேன், பெருமையையும் சேர்த்து. "அவரும் கேட்டிருக்கலாம், ஏன் ஊத்துறேன்னு," என்றாள். மருந்தியலுக்குப் போகிறவள். இரண்டு பக்கமும் சரியாக நிறுத்துப் போடுகிறாள்.

இன்று காலை அவளே ஒரு காரியம் செய்தாள். பழைய பீப்பாயில் மிச்சமிருந்ததைக் குப்பிகளில் அடைத்தோம். வெந்நீர் விட்டுக் கழுவி, மேல்சரிவின் இந்த வருட ஒயினை அதில் மூன்றில் இரண்டு பங்கு ஊற்றினோம். அவள் "போதும்" என்றாள். குடம் என் கையில் இருந்தது, அதில் இன்னும் பாதி மிச்சம். கை தானாகச் சாயப் போனது. நிறுத்திக்கொண்டேன். ஓடைக்கரையிலிருந்து புது நாணல் வெட்டிக்கொண்டு வந்து பீப்பாய்மேல் வைத்திருக்கிறாள். அதில் வெட்டு எதுவும் இல்லை. முதல் வெட்டு வருகிற வருடம் இதே நாளில் விழ வேண்டும். அதைப் போடுவது உங்கள் வீட்டு வழக்கப்படி தகப்பனின் வேலை.

பிப்ரவரியில் நீ போன மறுநாள் பரண் சாவியை என் சமையல் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். எட்டு மாதம் அங்கேதான் இருந்தது. இன்று அதைப் பழையபடி கதவோர ஆணியில் மாட்டிவிட்டேன்.

வருகிறாயா என்று நான் கேட்கப்போவதில்லை. எப்போது என்றும் கேட்கப்போவதில்லை. இந்தக் கடைசித் தாளில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருக்கிறது. அப்படியே விடுகிறேன்.

எலியான்